அடுத்த திங்கக்கிழமை

என் வலது கண்ணு எப்படிப் போச்சுன்னு கேக்கறவங்ககிட்ட ரொம்ப நாளா "எல்லாம் தலையெழுத்து"ன்னு சொல்லிகினு இருந்தேன். இப்ப அப்படிச் சொல்றதில்ல. தலையெழுத்தை எதுக்கு வீணா திட்டணும், அது பாவம் இன்னா பண்ணிச்சு. என் கண்ணு போனதுல என் கூடப் பொறந்தவளுக்குப் பங்கு இருக்கு. எவ்ளோ பங்குன்னுதான் எந்த டாக்டரும் பிரிச்சுச் சொல்ல மாட்டேங்கறாங்க.

நானும் அக்காவும் ஆரணியில பாவு பிணைக்கிறவங்க. தறியில ஒரு பாவு, அதான் நீளவாக்குல ஓடற இழை, தீந்துபோனா அதோட கடைசி இழைங்க அச்சுங்கற சீப்புச் சட்டத்துலயே நின்னுகினு இருக்கும். புதுப் பாவோட இழையை ஒவ்வொண்ணா எடுத்து, பழைய இழையோட சேத்து, விரல்ல சாம்பல் தொட்டு முறுக்கி விடணும். ஒரு பட்டுப் பாவுல நாலாயிரத்துக்கு மேல இழை இருக்கும். அக்கா வலது கைப் பக்கம் ஆரம்பிப்பா, நான் இடது கைப் பக்கம். பேசிகினே வந்து நடுவுல முட்டிக்குவோம். இருபத்தஞ்சு வருஷமா இதே பொழப்பு.

இதுல எங்களுக்குள்ள ஒரு கட்டு உண்டு. முடிஞ்சதும் அவங்கவங்க பாதியை அவங்கவங்களே லேசா இழுத்துப் பாத்துக்கணும். அடுத்தவ பாதியில கை வெக்கக் கூடாது. வெச்சா, "உன் கையை நான் நம்பல"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. எங்க அம்மாவும் பெரியம்மாவும் பிணைச்ச காலத்துலயே அப்படித்தான். இத்தனை வருஷத்துல அக்கா பக்கத்து இழை ஒண்ணைக்கூட நான் இழுத்துப் பாத்ததில்ல.

கண்ணு எங்க குடும்பத்துக்கே சரியில்ல. எங்க அப்பா கண்ணாடியைக் கழட்டினா சோத்துத் தட்டு எங்க இருக்குன்னு தடவுவாரு. எனக்கு மைனஸ் பதினொண்ணு. பள்ளிக்கூடத்துல என் பேரே சோடாபுட்டிதான். அக்கா எப்படியோ தப்பிச்சிட்டா, ஆனா அவ பொண்ணுக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணை ஸ்கூலுக்கு இட்டுகினு போனது, தலை பின்னி விட்டது எல்லாம் நான்தான். எனக்குப் பிள்ளை இல்ல. என் வூட்டுக்காரர் ஓசூர்ல கம்பெனி வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. மத்த நாளெல்லாம் எனக்கு அக்கா வூடுதான் வூடு.

போன வருஷம் ஆவணி மாசம். பொண்ணுக்குச் சேத்துப்பட்டுல இடம் பேசி முடிஞ்சு, கடைசி ஞாயித்துக்கிழமை நிச்சயம்னு வெச்சிருந்தாங்க. அந்த ஞாயிறை விட்டா புரட்டாசி பொறந்துடும். புரட்டாசியில யார் தட்டு மாத்துவாங்க? பொண்ணு கண்ணாடி போடுதுன்னு மாப்பிள்ளை வூட்டுக்கு அக்கா சொல்லல. கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸ் வாங்கிக் குடுத்து, "நல்ல கண்ணு"ன்னு சொல்லி வெச்சிருந்தா. எனக்கு அது புடிக்கல. ஆனா நானும் வாயை மூடிகினுதான் இருந்தேன்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு வூட்டுல பிணைச்சுகினு இருக்கும்போது என் வலது கண்ணு ஓரத்துல பளிச்சுனு ஒரு வெளிச்சம் அடிச்சுது. பக்கத்துல ஜரிகைப் பந்து கிடந்துச்சு, அதுதான் மின்னுதுன்னு நெனச்சு தள்ளி வெச்சேன். அப்புறம் கறுப்பா, இழை இழையா, பொட்டுப் பொட்டா மிதந்துச்சு. சாம்பல் பூந்துச்சுன்னு அக்கா சொன்னா. எழுந்து போய் மூஞ்சைக் கழுவிகினு வந்து திரும்பவும் குந்தினேன். நாள் முழுக்க ஜரிகையையும் இழையையும் பாத்துகினு கிடக்கறவளுக்குக் கண்ணுக்குள்ள மின்னறதும் மிதக்கறதும் வேற எப்படித் தெரியும்? அந்த மூணு நாலு நாள் என் தப்புதான், அதை நான் யார் தலையிலயும் போடல.

திங்கக்கிழமை காலையில மூக்குப் பக்கம் கீழேருந்து ஒரு கறுப்பு ஏறி நின்னுச்சு. தாவாக்கட்டைகிட்ட யாரோ முந்தானையைத் தூக்கிப் புடிச்ச மாதிரி. அக்காகிட்ட சொன்னேன். ஜல்தி கிளம்புடின்னு அவளேதான் ஊருக்குள்ள இருக்கற கண் கிளினிக்குக்கு இட்டுகினு போனா. மருந்து விட்டு, கண்ணு பாப்பாவைப் பெருசாக்கி, லைட் அடிச்சுப் பாத்தாங்க. அப்புறம் என்னை வெளிய பெஞ்சுல குந்த வெச்சுட்டு, "கூட வந்தவங்க வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. கண்ணு என்னுது, கூப்பிட்டது அக்காவை. எங்க ஊர்ல அது வழக்கம்தான், எனக்கும் அப்ப வித்தியாசமா தெரியல.

அக்கா உள்ள போய் ரொம்ப நேரம் கழிச்சு வந்தா. "இன்னாக்கா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லடி. நரம்பு கொஞ்சம் வீக்காம். சொட்டு மருந்து குடுத்து, அடுத்த திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

சீட்டை மடிச்சு அவ பையில வெச்சுகினா. குடு பாக்கலாம்னு நான் கேக்கல. மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்து தெரியாதுங்கறது ஒரு பக்கம். அக்கா கேட்டுகினு வந்ததை நான் எதுக்குத் திருப்பிப் பாக்கணும்? அவ பாதியில நான் எப்பவும் கை வெச்சதில்லயே.

அந்த வாரம் முழுக்க மூணு வேளையும் அவளே வந்து மருந்து விட்டா. தலையை மடியில சாச்சுகினு, இமையை விரலால மெதுவா விலக்கி, ஒரு சொட்டு வெளிய சிந்தாம விடுவா. வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டா. குடம் தூக்காதே, மாவு ஆட்டாதே, வலது பக்கமா ஒருக்களிச்சே படுன்னு சொல்லிகினே இருந்தா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இப்படி ஒரு அக்கா யாருக்கு வாய்ப்பான்னு என் வூட்டுக்காரர்கிட்ட போன்ல பீத்திகினேன். அவரும் "அக்கா இருக்கறவரைக்கும் எனக்கு இன்னா கவலை"ன்னாரு.

கறுப்பு மட்டும் நிக்கல, ஏறிகினே இருந்துச்சு. வியாழக்கிழமை இடது கண்ணை மூடிகினு அக்காவைப் பாத்தேன், அவ நெத்தி மட்டும் இருந்துச்சு. மூக்கு இல்ல, வாய் இல்ல.

"அக்கா, உன் மூஞ்சே தெரியல."

அவ கை அப்படியே நின்னுச்சு. அப்புறம், "மருந்து புடிக்க டைம் ஆவும்டி, பேஜார் பண்ணாதே"ன்னு சொல்லிட்டு எழுந்து போனா. கொஞ்ச நேரம் கழிச்சு குழாய் பக்கத்துல மூஞ்சைக் கழுவிகினு நின்னா. கல்யாண வேலை, அலைச்சல்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கிழமை தட்டு மாத்தினாங்க. சம்பந்தி அம்மா என்னைப் பாத்து, "இன்னாம்மா கண்ணு செவந்திருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா, "காலையிலேருந்து வெங்காயம் உரிக்கிறா, நான் சொன்னாக் கேக்கறாளா"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்.

திங்கக்கிழமை விடியறதுக்குள்ள அக்கா வந்து கதவைத் தட்டினா. ஆரணி கிளினிக் வேணாம், வேலூர்ல கண் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னு பஸ் ஏத்திட்டா. அங்க டாக்டர் பாத்துட்டு ரெடினா விலகிடுச்சுன்னாரு. கண்ணுக்குள்ள பின்சுவத்துல ஒட்டியிருக்கற சவ்வு அது. அது கிழிஞ்சு, தண்ணி பூந்து, நனைஞ்ச சுவத்துலேருந்து போஸ்டர் உரியற மாதிரி உரிஞ்சுடுச்சாம். "நடுவும் போயிடுச்சே. எத்தனை நாளா இருக்கு?"ன்னு கேட்டாரு.

"மூணு நாளாதான் டாக்டர்"னு அக்கா சொன்னா.

"ஒரு வாரம் ஆவுதுக்கா"ன்னு நான் சொன்னேன்.

"அது தூசிடி, அதைப் போய் சொல்லிகினு." டாக்டர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு எழுதிகினாரு. மறுநாளே ஆபரேஷன் ஆச்சு.

கண்ணுக்குள்ள காத்து வெச்சிருக்கோம், அது மேல எழும்பி சவ்வை அழுத்தி ஒட்ட வெக்கணும், அதனால பத்து நாள் குப்புறவே இருக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. சாப்பிடறது, தூங்கறது, எல்லாம் கவுந்துதான். பத்து நாளும் நான் பாத்தது தரையும் அக்கா காலும்தான். தட்டைத் தரையில வெச்சு, பக்கத்துல குந்தி, சோத்தை உருட்டி உருட்டிக் குடுத்தா. கழுத்து வலிக்குதுன்னு நான் முனகினா எண்ணெய் போட்டு நீவி விட்டா. ஒரு நாள் அவ கால் மேல சொட்டு சொட்டா தண்ணி விழுந்துச்சு. அழுவறான்னு தெரிஞ்சுகினு, "அழாதக்கா, உன்னாலதான் இந்த அளவுக்காவது வந்து சேந்தேன்"னு நான் சமாதானம் சொன்னேன். நான்! பிள்ளையையும் கிள்ளி விட்டுட்டுத் தொட்டிலையும் ஆட்டறவளுக்கு, கிள்ளு வாங்கின பிள்ளையே தாலாட்டு பாடிச்சு.

ஆபரேஷன் சக்சஸ்னாங்க. சவ்வு நல்லா ஒட்டிகிச்சு. பார்வைதான் வரல. ஓரத்துல ஆள் நடமாட்டம் தெரியும், நடுவுல ஒரே அழுக்கு. நேரா இழுத்துக் கட்டின பாவு அந்தக் கண்ணுக்கு அலை அலையா ஓடும். ஒத்தக் கண்ணுல இழை கிட்டக்க இருக்கா எட்டக்க இருக்கான்னு புடிபடல. கைக்கு வந்துடுச்சுன்னு முறுக்குவேன், விரல் நடுவுல ஒண்ணும் இருக்காது. அக்கா வேற ஒருத்தியைக் கூட வெச்சுகினு வேலைக்குப் போக ஆரம்பிச்சா. படவேட்டு அம்மனுக்கு எனக்காக வெள்ளியில கண்மலர் வாங்கிப் போட்டுட்டு வந்து குங்குமம் வெச்சு விட்டா.

மார்கழியில சொட்டு மருந்து தீந்துபோச்சு. அதுக்குப் போய் வேலூர் எதுக்குன்னு நான் மட்டும் நம்ம ஊர் கிளினிக்குக்கு நடந்தேன். அங்க அன்னிக்குப் பாத்த அதே சின்ன வயசு லேடி டாக்டர். நான் குடுத்த வேலூர் சீட்டைப் படிச்சுட்டு, கம்ப்யூட்டர்ல பழைய சீட்டைத் தேடி எடுத்தவங்க முகம் மாறிடுச்சு.

"ஏம்மா, அன்னிக்கே எழுதிக் குடுத்தேனே. ஏன் ஒரு வாரம் விட்டீங்க?"

"நீங்கதானே அடுத்த திங்கக்கிழமை வரச் சொன்னீங்க?"

அவங்க ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு, அவங்களே தமிழ்ல படிச்சுக் காட்டினாங்க. ரெடினா விலகியிருக்கு. நடுப் பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. உடனே ஆபரேஷன் தேவை, தாமதமானா நடுப் பார்வை போகலாம். கூட வந்தவரிடம் விளக்கப்பட்டது. கீழே அக்கா கையெழுத்து. ஸ்கூல்ல எழுதின மாதிரியே ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா, சாயாம எழுதியிருந்தா.

வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும்னுகூட அந்தச் சீட்டுல எழுதியிருந்துச்சு. பாவி, டாக்டர் சொன்னதுல எனக்குத் தெரியாம எதெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் செஞ்சிருக்கா. ஆபரேஷனை மட்டும் மறைச்சுட்டா. மூணு வேளையும் அவ விட்டது வெறும் எரிச்சலுக்கு விடற மருந்து.

"அன்னிக்கே பண்ணியிருந்தா பார்வை நின்னிருக்குமா?"ன்னு கேட்டேன்.

அந்த டாக்டர் பொய் சொல்லல. நடு ஒட்டியிருக்கும்போதே பண்ணினவங்களுக்குப் பெரும்பாலும் நல்ல பார்வை நிக்குதுன்னாங்க. நடு விட்டுப்போச்சுன்னா, விட்டு எத்தனை நாள் ஆச்சுங்கறது முக்கியமாம். ஆனா உங்களுக்கு மைனஸ் அதிகம், கிழிசல் ரெண்டு இடத்துல இருந்திருக்கு, உள்ள தழும்பு மாதிரி சவ்வு சுருங்க ஆரம்பிச்சிருக்கு, அதெல்லாமும் சேரும்னாங்க. "எது எவ்ளோன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அன்னிக்கு வாய்ப்பு நல்லா இருந்துச்சு." கிளம்பும்போது இன்னொண்ணும் சொன்னாங்க. உங்க ரத்த சொந்தத்துல மைனஸ் அதிகமா இருக்கறவங்களை ஒரு தடவை மருந்து விட்டு உள்ள பாக்கச் சொல்லுங்க, ஓட்டை சின்னதா இருக்கும்போதே லேசர் போட்டு அடைச்சிடலாம்னாங்க.

வூட்டுக்குப் போகல. அக்கா எந்த வூட்டுல பிணைச்சுகினு இருக்கான்னு விசாரிச்சு நேரா அங்க போனேன். பாவு பாதிக்கு மேல முடிஞ்சிருந்துச்சு. தறிக்காரங்க, என் இடத்துல குந்தி பிணைக்கிறவ, எல்லாரும் இருந்தாங்க. நான் போய் அக்கா பக்கத்துல குந்தினேன். அவ பிணைச்ச இழையை ஒண்ணொண்ணா புடிச்சு இழுத்துப் பாத்தேன். மெதுவா இல்ல, நல்லாவே இழுத்தேன்.

"இன்னாடி பண்ற?"

"இத்தனை வருஷமா இழுத்துப் பாக்கல இல்ல, அதான் பாக்கறேன்."

ஒரு இழைகூட பிரியல. எல்லாம் கெட்டியா நின்னுச்சு. அதைப் பாக்கப் பாக்க எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறிச்சு. ஒருத்தன் வூட்டுப் பட்டுக்கு இவ்ளோ உண்மையா இருக்கற கை, என் கண்ணுக்கு மட்டும் ஏன் இப்படிப் பண்ணிச்சு?

அக்காவுக்குப் புரிஞ்சுபோச்சு. என் கையைப் புடிச்சுத் தெருவுக்கு இழுத்துகினு வந்தா. "உனக்கு ஆபரேஷன்னா மாப்பிள்ளை வூட்டுல ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. பரம்பரைக் கோளாறு, பொண்ணுக்கும் இருக்குதுன்னு தோண்டுவாங்க. ஆவணியை விட்டா அவங்க வேற இடம் பாத்துடுவாங்கடி. ஏழு நாள்தானேன்னு நெனச்சேன். அன்னிக்கே பண்ணியிருந்தாலும் கேரண்டி இல்லன்னு டாக்டருங்களே சொல்றாங்க இல்ல? உனக்குப் பவர் ஜாஸ்தி, உள்ள தழும்பு வேற..."

வேலூர் டாக்டர் அவகிட்ட சொல்லியிருந்த ஒவ்வொரு காரணத்தையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தா. இத்தனை மாசமா ராத்திரி பகலா அதையேதான் சொல்லிப் பாத்துகினு இருந்திருப்பா.

"பவர் என் கூடப் பொறந்துச்சு, கிழிசலும் தானா வந்துச்சு. அந்த ஏழு நாள் மட்டும் நீ குடுத்ததுக்கா"ன்னேன்.

மன்னிச்சுக்கோன்னு சொல்லுவான்னு நின்னேன். நிஜமா, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நின்னேன். அவ என் ரெண்டு கையையும் புடிச்சுகினு, "தை மாசம் கல்யாணம். அதுவரைக்கும் வாயைத் திறந்துடாதடி, உன் கால்ல விழறேன்"னா.

வாயைத் திறக்கல. அக்காவுக்காக இல்ல, நான் தலை பின்னி விட்ட பொண்ணுக்காக. கல்யாணத்துல முன்வரிசையில குந்தி அட்சதை போட்டேன். வந்தவங்க "கண்ணு இன்னாம்மா ஆச்சு"ன்னு கேட்டப்பல்லாம் தலையெழுத்துன்னு சொன்னேன். கேளு கூத்தை, கல்யாணத்துக்கு அடுத்த வாரமே பொண்ணு லென்ஸைக் கழட்டிட்டு கண்ணாடி போட்டுகிச்சு. மாமியார் ஒரு வார்த்தை கேக்கலயாம். "என் மவனுக்கே ஆறு பவர், அவன் போட்டோவுக்குக் கழட்டி வெச்சிருந்தான்"னு சொல்லி சிரிச்சாங்களாம். இதுக்கா என் கண்ணு போச்சுன்னு அன்னிக்கு அடுப்பங்கரையில தனியா குந்தி அழுதேன்.

பங்குனியில பொண்ணு ஊருக்கு வந்துச்சு. டாக்டர் சொன்னது என் மனசுல குத்திகினே இருந்துச்சு. "வா, வேலூருக்குப் போய் கண்ணைக் காட்டிட்டு வரலாம்"னேன். அக்காவும் கூட வந்தா. நான் வராதேன்னு சொல்லல. பஸ்ல மூணு பேரும் ஒரே சீட்டுல குந்திகினு போனோம். அக்கா என் மேல படாம ஒதுங்கிகினே வந்தா.

மருந்து விட்டு, லைட் அடிச்சுப் பாத்துட்டு, பொண்ணை உள்ளயே குந்த வெச்சுகினு நர்ஸ் வெளிய வந்தாங்க. "கூட வந்தவங்க ஒருத்தர் வாங்க."

அக்கா எழுந்தா.

"நீ குந்து"ன்னு சொல்லிட்டு நான் உள்ள போனேன்.

"டாக்டர், என்கிட்ட சொல்லாதீங்க. அதுகிட்டயே சொல்லுங்க, கண்ணு அதோடது"ன்னேன். அவரு ஒரு படம் வரைஞ்சு காட்டினாரு. இடது கண்ணு ஓரத்துல சவ்வு மெலிஞ்சு, ரெண்டு சின்ன ஓட்டை. இன்னும் உரியல. இப்பவே லேசர் போட்டா சுத்தி ஒட்டிக்கும், பயப்பட ஒண்ணுமில்லன்னாரு. பளிச்சுனு வெளிச்சம் அடிச்சா, கறுப்பா மிதந்தா அன்னிக்கே ஓடி வரணும்னாரு. ஒவ்வொண்ணையும் பொண்ணு திருப்பிச் சொல்ற வரைக்கும் நான் விடல. கையெழுத்தும் அதுவே போட்டுச்சு, நான் கூட வந்தவள்னு கீழே போட்டேன். புருஷனுக்கு அங்கேருந்தே போன் பண்ணிச் சொல்லிச்சு. அவன் "இன்னிக்கே போட்டுக்கோ"ன்னான். அப்பவே லேசரும் போட்டாங்க. முடிஞ்சதும் பத்து நிமிஷம் உள்ளயே குந்தட்டும், நீங்க வெளிய இருங்கன்னாங்க.

நான் சீட்டைக் கையில புடிச்சுகினு வெளிய வந்தேன். அக்கா பெஞ்சை விட்டு எழுந்து ஓடியாந்தா. உதடெல்லாம் காஞ்சு கிடந்துச்சு.

"இன்னாடி சொன்னாங்க?"

பஸ்ல வரும்போது இப்படிச் சொல்லணும்னு நான் நெனச்சுகினு வரல. சத்தியமா நெனக்கல. அவ மூஞ்சைப் பாத்ததும் தானா வந்துச்சு.

"ஒண்ணுமில்லக்கா. சொட்டு மருந்து குடுத்து, அடுத்த திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

அக்கா அப்படியே நின்னா. கண்ணு என் கையில இருந்த சீட்டுக்குப் போச்சு, என் மூஞ்சிக்கு வந்துச்சு, திரும்பவும் சீட்டுக்குப் போச்சு. குடுடின்னு அவளும் கேக்கல. பெஞ்சுல குந்திட்டா.

உள்ளேருந்து பொண்ணு வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பத்து நிமிஷமும் நான் அவ பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன். லேசர் போட்டாச்சுன்னு மட்டும் சொல்லல.